கிடங்குக்காரரின் கையெழுத்து

கிடங்குக்காரர் தன் சாவியைச் சுத்தியலால் அடித்து உடைத்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வீடியோ கூட்டம் அது. எல்லாருடைய மைக்கும் அடைத்திருந்தது. திரையின் ஓரத்தில் மஞ்சள் நிறக் கைகள் மட்டும் கொத்துக் கொத்தாக மேலேறி மறைந்தன. அதுவே அவர் கண்ணைக் கலங்க வைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் உழைத்த மனுஷனுக்கு முதன்முதலாகக் கிடைத்த கைதட்டல், கலங்காமல் என்ன செய்யும்.

சாவி என்றால் பூட்டைத் திறக்கிற சாவி இல்லை. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென்டிரைவ், அதற்குள் நீளமாக ஒரு ரகசிய எண். அந்த எண்ணை வைத்துத்தான் அவர் கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போடுவார். வேறு எவனாலும் அதே கையெழுத்தைப் போட முடியாது. சாவி போய்விட்டால் அவராலும் முடியாது. அதற்காகத்தான் உடைத்தார். பேங்க் லாக்கரில் ஒரு காகிதப் பிரதி இருந்தது. அதையும் முந்தின நாளே எடுத்து வந்து, ஆபீஸ் மெஷினில் கொடுத்து நறுக்கி, துணுக்குகளைக் கேமரா முன்னால் இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். அந்தக் குணம்தான் கெடுத்தது என்று பின்னால் அவர் மனைவி சொன்னாள். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

அவருக்கு வயிற்றுப்பாடு எடைமேடையில். லாரிகள் ஏறி நிற்கிற பெரிய தராசு இருக்கிறதே, அதற்கான சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிற கம்பெனியில் வேலை. கிடங்கு வேலை காலையில் ஐந்திலிருந்து ஏழரை வரைக்கும் மட்டும்.

கம்ப்யூட்டர் மொழிகளில் பெரிய கம்பெனிகள் சீந்தாத சின்ன மொழி ஒன்று. மழை அளக்கிறவர், பறவை எண்ணுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று, நிரல் எழுதுவதைத் தொழிலாக வைத்துக்கொள்ளாதவர்கள்தான் அதில் அதிகம். ஒருவர் எழுதியது இன்னொருவருக்கும் உதவும் என்று பட்டால், அதைப் பொட்டலமாகக் கட்டிப் பொதுவான ஓர் இடத்தில் வைப்பார்கள். பொட்டலத்துக்குப் பேக்கேஜ் என்று பெயர். பொது இடத்தைக் கிடங்கு என்பார்கள். வேண்டியவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினால் பேக்கேஜ் கிடங்கிலிருந்து தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கஷ்டம் என்னவென்றால் இந்தச் சின்ன மொழிக்கு இரண்டு கிடங்கு. ஒன்று நம்மவருடையது, இன்னொன்று தாடியுடையது. தாடிக்கு இப்போது தாடி கிடையாது, எப்போதோ இருந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இரண்டு கிடங்கிலும் ஒரே பெயரில் வேறு வேறு பேக்கேஜ் இருக்கும். இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று எடுத்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவன் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, போங்கடா நீங்களும் உங்க மொழியும் என்று ஓடிவிடுவான்.

தாடியின் கிடங்கு பெரிசு. ஒன்பதாயிரம் பேக்கேஜ். எழுதியவரே கையெழுத்துப் போட்டு ஏற்றிவிடலாம், எவரும் படித்துப் பார்ப்பதில்லை. நம்மவருடையதில் ஆயிரத்து நூற்று நாற்பது. ஒவ்வொன்றையும் அவர் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பார். திருப்தி என்றால் தன் கையெழுத்தைப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு புள்ளிகூட வெளியே போகாது. இன்னொரு வைராக்கியமும் இருந்தது: யார் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் குறித்து வைப்பதில்லை. எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கும். பிறத்தியார் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற வேலை நமக்கு எதற்கு என்பார்.

மனைவி அந்தக் கிடங்குக்கு வைத்த பெயர் மூத்தாள். "மூத்தாளைக் கவனிச்சாச்சா? இனி இளையாளுக்கு ஒரு வாய் காபி போட்டுக் கொடுக்கலாமா?" என்பாள் காலையில். அவள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். கண்ணைச் சோதிப்பதும் லென்ஸைத் தேய்ப்பதும் அவளே. கிண்டல் செய்வாளே தவிர, காலையில் அவர் படிக்கிற நேரத்தில் மிக்ஸியைப் போட மாட்டாள்.

இரண்டு கிடங்கையும் ஒன்றாக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே முறை, ஒரே விதி என்று ஆக்க வேண்டும் என்பதற்காக அவர் மூன்று வருஷம் தலையால் தண்ணீர் குடித்தார். அதற்கு முன்னால் இரண்டு முயற்சி மண்ணைக் கவ்வியிருந்தது. இரண்டிலும் காரணம் ஒன்றுதான்: எல்லாரும் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஆகாவிட்டால் திரும்பிப் போகலாம் என்று தங்கள் பழைய கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். இந்தத் தடவை தான் முதலில் கதவைச் சாத்திக் காட்டுவது என்று முடிவு செய்தார். சாவியை உடைக்கும் யோசனை அவருடையது. யாரும் கேட்கவில்லை.

விதிகளும் பாதிக்கு மேல் அவர் எழுதியவை. பதினேழாவது விதி முழுக்க அவருடையது. பழைய கிடங்கிலிருந்து பேக்கேஜ் புதிய பொதுக் கிடங்குக்கு வரும்போது, அது இன்னாருடையது என்பதற்குப் பழைய கிடங்கின் கையெழுத்து ஒன்றே சாட்சி. வேறு எந்தச் சாட்சியும் செல்லாது, விதிவிலக்கு கிடையாது. ஒருமுறை எவனோ ஒரு களவாணி, செத்துப்போன ஒருவரின் மகன் என்று சொல்லிக் கண்ணீர் விட்டு, அவருடைய பேக்கேஜைக் கேட்டு வந்தான். மகனே கிடையாது அவருக்கு. அதிலிருந்து நம்மவர் இந்த விஷயத்தில் இளகுவதே இல்லை.

"கொஞ்சம் இடம் விட்டு வைப்போமேண்ணே. நாளைக்கு நமக்கே தேவைப்படலாம்" என்று தாடி கூட்டத்தில் சொன்னான்.

"இடம் விட்டா அந்த இடத்துலதான் தம்பி திருடன் நுழைவான். ஒருத்தர் அழறார்னு விதியை வளைச்சா, அப்புறம் யார் வேணா வந்து அழுவாங்க" என்றார் இவர். கூட்டத்தில் இருந்த கணக்கு வாத்தியார் ஒருவர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இவரிடம் அவருக்கு அப்படியொரு பக்தி.

கடைசியில் எல்லாம் கூடிவந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பேக்கேஜுக்கும் இது இன்னாருடையது என்று மாற்றுச் சீட்டு எழுதி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, பொதுக் கிடங்கில் ஏற்றச் சொல்லி மொத்தமாகத் தாடியிடம் ஒப்படைத்தார். பேக்கேஜைத் தேடி இறக்கித் தருகிற தன் பழைய கருவியின் கடைசிப் பதிப்பையும் வெளியிட்டார். யாராவது பேக்கேஜ் கேட்டால் அது முதலில் பொதுக் கிடங்கில் தேடும், அங்கே இல்லையென்றால்தான் பழைய கிடங்குக்கு வரும். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார். பிறகு சுத்தியலை எடுத்தார்.

தாடி அடுத்த நாளே சீட்டுகளை ஏற்றுவதாக ஏற்பாடு. அடுத்த நாள் அவன் கம்பெனி அவனை வேறு அவசர வேலையில் தள்ளியது. மூன்று வாரம் போயிற்று. ஏற்றவில்லை என்பதை அவன் ஒரு வரியில் எழுதியும் போட்டிருந்தான். நாற்பது கடிதங்களுக்கு நடுவில் கிடந்த அந்த வரியை இவர் பார்க்கவில்லை.

அந்த மூன்று வாரத்துக்குள் யாரோ ஒரு வக்கீல் யோசனை சொன்னார். ஒவ்வொரு பேக்கேஜும் என்ன உரிமத்தின் கீழ் வருகிறது என்பதைக் கையெழுத்துக்கு உட்பட்ட பகுதியிலேயே எழுத வேண்டும். நல்ல யோசனைதான். விதிகளில் ஒரு வரி கூட்டினால் முடிந்தது. இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, ஓட்டெடுப்பு என்பதே கிடையாது. திருத்தத்தைப் பொதுவில் வைப்பார்கள், பதினான்கு நாள் காத்திருப்பார்கள். ஒருவரும் எதிர்க்காவிட்டால் அது விதி. ஒரே ஒருவர் எதிர்த்தாலும் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இந்தத் திருத்தம் இவர் போனில் வந்தபோது இவர் எடைமேடைப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மேடையில் ஜல்லி லாரி ஒன்று. டிரைவர் இறங்க மாட்டேன் என்கிறார், அவரையும் சேர்த்து எடை காட்டுகிறது. ஒரு கண் லாரியில், ஒரு கண் போனில். உரிமத்தை எழுதச் சொல்வது நல்லதுதானே என்று கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு, எனக்குப் பூரண சம்மதம் என்றும் கீழே எழுதினார். முதல் சம்மதம் அவருடையது. அவர் சம்மதித்துவிட்டாரே என்று மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை.

திருத்தம் வைத்த பதினைந்தாம் நாள் தாடி சீட்டுகளை ஏற்றினான். ஆயிரத்து நூற்று நாற்பதும் திரும்பி வந்தன. இவர் கையெழுத்திட்ட சீட்டுகளில் உரிமத்துக்கான வரி இல்லை. அந்த வரியைச் சேர்த்தால் கையெழுத்து செல்லாது. புதிதாகக் கையெழுத்துப் போடச் சாவி இல்லை.

இவருக்கு அது புரிய ஐந்து நிமிஷம் பிடித்தது. புரிந்த பிறகு எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். பிறகு குழாயை மூடாமலே நின்றார். மனைவி வந்து மூடினாள்.

ஆனாலும் முதல் மூன்று நாள் அவ்வளவு பயமில்லை. விதியில் சிக்கல் வந்தது, விதியாலேயே தீரும் என்று நினைத்தார். உரிம வரி இல்லாத பழைய சீட்டுகளையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு திருத்தம் எழுதி வைத்தார். பதினான்கு நாள்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தார்.

நான்காம் நாள் மாட்டு டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது.

மாட்டு டாக்டர் என்பது இவர் வைத்த பெயர். உண்மையில் அந்த அம்மாள் பார்ப்பது நாய், பூனை, முயல் போன்ற சின்னப் பிராணிகளை. எங்கேயோ தொலைவில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தாள். நேரில் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து எவ்வளவு என்று பிராணியின் எடையை வைத்துக் கணக்குப் போடுகிற பேக்கேஜ் ஒன்றை ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதி அனுப்பியிருந்தாள். இவர் அதை இரண்டு வாரம் எடுத்துப் படித்தார். எடை என்றால் அவருக்குத் தொழில் ஆயிற்றே, விடுவாரா. பதினோரு கேள்வி கேட்டார், பதினொன்றுக்கும் அவள் பதில் எழுதினாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் சின்னது. இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிராணிகளுக்கு என் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது, சார். இரண்டு மடங்கு காட்டுகிறது. போன மாதம் ஒரு புது மருந்துக்காக நான் அனுப்பிய மாற்றத்தில் நேர்ந்தது. நேற்று ஒரு முயல் எழுந்திருக்கவில்லை. கையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தப்பு என்னுடையதுதான். திருத்தி இணைத்திருக்கிறேன், உடனே வெளியிடுங்கள்.

போன மாத மாற்றம். கடைசி நாட்களில் அவசர அவசரமாக அவர் படித்துக் கையெழுத்திட்ட எழுபது மாற்றங்களில் அதுவும் ஒன்று. பெருக்க வேண்டிய எண் ஒரு வரி தள்ளி நின்றது. படித்திருக்கிறார். கண்ணில் படவில்லை.

அவர் அவளைப் போனில் கூப்பிட்டார்.

"டாக்டர், என்னால வெளியிட முடியாது" என்றார். சாவி கதையை முழுக்கச் சொன்னார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். முடிந்த பிறகு, "சரி சார், பொதுக் கிடங்குல நானே போட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

"அந்தப் பேர் உங்களுதுன்னு அங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்க என் கையெழுத்து வேணும்."

"அப்போ எடுக்கறவங்ககிட்ட சொல்லிடலாம். யார் யார் எடுத்திருக்காங்கன்னு உங்ககிட்ட லிஸ்ட் இருக்கும்ல?"

"இல்லை டாக்டர். எழுதி வைக்கறது இல்லை."

"எத்தனை பேர்னாவது?"

அது தெரியும். முந்நூற்று எண்பது இடங்கள் என்று எண்ணிக்கை சொன்னது. அன்றைக்கு மட்டும் நாற்பத்தொரு தடவை இறங்கியிருந்தது.

அவர் தாடியைப் போனில் பிடித்தார். தாடி கெட்டவன் இல்லை. கேட்டதும் பதறித்தான் போனான்.

"அண்ணே, நான் ஒருத்தனா முடிவெடுக்க முடிஞ்சா இந்த நிமிஷமே போட்டுடுவேன். பதினேழாவது விதி இருக்கே."

"அது நான் எழுதினது தம்பி."

"அதான்ணே நானும் சொல்றேன். நீங்க எழுதினதை நானே மீறினா, நாளைக்கு எங்க ஆளுங்க ஒவ்வொருத்தனும் எனக்கும் மீறிக் கொடுன்னு வந்து நிப்பான். மூணு வருஷம் போராடினது மூணு நாள்ல போயிடும். உங்க திருத்தம் ஓடிக்கிட்டுதானே இருக்கு? இன்னும் பத்து நாள். யாரும் எதிர்க்க மாட்டாங்க."

பத்து நாளை அவர் எப்படிக் கழித்தார் என்பதை என்னத்தைச் சொல்ல. கிடங்கின் முகப்பில் சிவப்பில் எச்சரிக்கை போட்டார். முகப்பை யார் பார்க்கிறார்கள், ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் தாமாக வந்து எடுத்துக்கொண்டு போகிறவை. மொழிக் குழுவினருக்குக் கடிதம் போட்டார், பதினோரு பதில் வந்தது, அதில் ஒருவரும் பிராணி வைத்தியர் இல்லை. அந்தப் பேக்கேஜைக் கிடங்கிலிருந்து தூக்கினார். தூக்கியும் பயனில்லை. கிடங்குக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரும் தவித்துப் போகக் கூடாது என்று, பத்தொன்பது இடங்களில் அவர் துணைக் கிடங்குகள் வைத்திருந்தார். மூலத்தில் ஒன்று காணாமல் போனால் கருவி தானாகத் துணைக் கிடங்குக்குப் போகும். துணைக் கிடங்கு வாங்கியதை அழிக்காது. இந்தத் தப்பான பேக்கேஜை எடுக்காதே என்று கருவிக்கு ஆணை அனுப்பலாம், ஆனால் ஆணையிலும் கையெழுத்து வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அவர் கட்டின சுவர்தான் எதிரே நின்றது, ஒவ்வொன்றையும் கல் கல்லாக அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார். மனசு விட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என் கடைல போன வருஷம் ஒரு பெரியவருக்கு வலது கண்ணு லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"ம்."

"சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் மாத்திக் கொடுத்துட்டு வந்தேன். பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் நோட்டுல இருந்துச்சு. நீங்க முந்நூறு பேர்ல ஒருத்தர் நம்பரைக்கூடவா எழுதி வைக்கலை?"

"அது தப்புன்னு நினைச்சேன். அவங்க விஷயம் நமக்கெதுக்குன்னு."

"நல்ல எண்ணம்தான்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவருக்கு அதிகம் வலித்தது. "என்னங்க, சாப்பிடுங்க. நீங்க பட்டினி கிடந்தா முயல் பிழைச்சு வந்துடாது."

அவர் சாப்பிடவில்லை. தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் எதிர்ப்பு வந்தது. எழுதியிருந்தது கணக்கு வாத்தியார்.

மிக மரியாதையாக எழுதியிருந்தார். கிடங்குக்காரர் மன உளைச்சலில் இருக்கிறார். இப்படிப்பட்ட நேரத்தில் அவர் கேட்பதைவிட, தெளிவாக இருந்த நேரத்தில் அவர் எழுதியதே அவருடைய உண்மையான கருத்து என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயரால் வந்த விதியை அவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. ஆகவே எதிர்க்கிறேன்.

அவர் வாத்தியாரைக் கூப்பிட்டார். பின்னால் பள்ளிக்கூடத்து இரைச்சல் கேட்டது.

"வாத்தியாரே, உயிர் போகுது."

"தெரியும் சார். ராத்திரி முழுக்கத் தூங்கலை" என்றார் வாத்தியார். உண்மையாகத்தான் சொன்னார், குரல் அப்படி இருந்தது. "ஆனா ஒண்ணு கேக்கறேன், கோபப்படாதீங்க. அந்த டாக்டரம்மாவை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"இப்ப எழுதறது அவங்கதான்னு எப்படித் தெரியும்?"

"தெரியும். ஆறு வருஷமா அவங்க எழுத்து எனக்குத் தெரியும். அவங்க கேக்கற விதம் தெரியும்."

"அதுக்குச் சாட்சி?"

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மருந்து அளவு சார் இது. வேற எவனாவது அவங்க பேர்ல வந்து அளவை மாத்தினா? ஒருத்தர் அழறார்னு விதியை வளைச்சா அப்புறம் யார் வேணா வந்து அழுவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அது சரின்னு நான் பசங்களுக்கே சொல்லித் தந்திருக்கேன்." மணி அடித்தது. "கிளாஸுக்குப் போகணும் சார். என்னை மன்னிச்சிடுங்க."

மன்னிக்க என்ன இருக்கிறது. இதே வாதத்தைத்தான் மூன்று வருஷம் அவர் வாய் ஓயாமல் பேசினார். வாத்தியார் இடத்தில் அவர் இருந்திருந்தால் அவரும் எதிர்த்திருப்பார், இதைவிடக் கடுமையாக. அது அவருக்கே தெரிந்திருந்தது. நாள் கணக்கு மறுபடி ஒன்றுக்குப் போனது.

அவர் திருத்தத்தை விட்டார். துணைக் கிடங்குகளைப் பிடித்தார். பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் தேடி, வைத்திருக்கிறவரிடம் கெஞ்சி, கையால் அழிக்கச் சொல்வது என்று இறங்கினார். எதையும் ஏன் அழிக்கக் கூடாது என்று அவர் முன்பு எழுதிய நீண்ட கட்டுரையைச் சிலர் அவருக்கே அனுப்பி வைத்தார்கள். இருந்தும் பதினைந்து பேர் அழித்தார்கள். இருவர் ரிடையராகி வேறு ஊர் போயிருந்தார்கள். அவர்களையும் கண்டுபிடித்து அழிக்க வைத்தார். ஒருத்தர் காலமாகியிருந்தார். அவர் மகளே கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கிட்டேன் மாமா என்று சொன்னாள். முன்பின் தெரியாத பெண் மாமா என்று கூப்பிட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பத்தொன்பதில் பதினெட்டு ஆயிற்று. கடைசி ஒன்று ஏதோ ஒரு கல்லூரியின் புள்ளியியல் துறையில் இருந்தது. துறையை மூடி நாலு வருஷம் ஆகிறதாம். போன் எடுத்த ஆபீஸ்காரர் அப்படி ஒரு கம்ப்யூட்டரே இல்லை என்றார். ரெக்கார்டில் இல்லையாம். எந்தப் பூட்டின அறையில், எந்த மேஜைக்கு அடியில் இருக்கிறதென்று எவருக்கும் தெரியவில்லை. எங்காவது கம்ப்யூட்டர் விளக்கு எரிகிறதா என்று இவர் பார்க்கச் சொன்னார். பார்க்கிறேன் என்று சொன்ன ஆபீஸ்காரர் அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

அதுவும் செத்துப் போயிருக்கும் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நாலு வருஷமாகக் கேட்பாரில்லாத மெஷின், டிஸ்க் போயிருக்கும், கரண்டைத் துண்டித்திருப்பார்கள். இரண்டு நாள் அப்படியே நம்பினார். அந்த இரண்டு நாளும் கொஞ்சம் சாப்பிட்டார். மனைவி மறுபடி மூத்தாளைப் பற்றி ஏதோ கிண்டல் செய்தாள், அவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

புதன்கிழமை மத்தியானம் எடைமேடை ஆபீசிலிருந்து மாட்டு டாக்டரைக் கூப்பிட்டார். மேஜை மேல் சீட்டுக் கட்டுகள், சுவரில் காலண்டர், வெளியே லாரிகள் வரிசை.

"டாக்டர், உங்க கம்ப்யூட்டர்ல பழைய பேக்கேஜை எடுத்துட்டு, புதுசா ஒருமுறை கேட்டுப் பாருங்க. எதுவும் வரக் கூடாது."

"இருங்க சார்." கீபோர்டு சத்தம் கேட்டது. எங்கோ ஒரு நாய் விட்டு விட்டுக் குரைத்தது. "மூலக் கிடங்குல இல்லைன்னு சொல்லுது."

"நல்லது. இன்னும் விடுங்க. ஒவ்வொரு துணைக் கிடங்கா தேடும்."

"தேடுது." கொஞ்ச நேரம் போயிற்று. "ஒண்ணு இல்லை. ரெண்டு இல்லை." அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் சீட்டுக் கட்டின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பதினெட்டுக் கோடு ஆயிற்று.

பத்தொன்பதாவது கோட்டுக்குப் பென்சிலை வைத்தார்.

"டாக்டர்?"

"வந்துடுச்சு சார்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "எது?"

"பழசு. தப்பானது." இன்னும் கொஞ்சம் தட்டினாள். "ஒன்றரைக் கிலோ போட்டுப் பார்த்தேன். ரெண்டு மடங்குதான் காட்டுது."

"வேற ஏதாவது சொல்லுதா? எச்சரிக்கை மாதிரி ஏதாவது?"

"இல்லை சார். கீழே பச்சைல ஒரு வரி இருக்கு." அவள் அதை அப்படியே படித்தாள், நோயாளியின் சீட்டைப் படிக்கிற குரலில். "கிடங்குக்காரர் படித்துக் கையெழுத்திட்டது. சரிபார்க்கப்பட்டது. நம்பிப் பயன்படுத்தலாம்."

வெளியே மேடையில் லாரி ஏறி நின்று ஹாரன் அடித்தது. மேடை ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இவர் முகத்தைக் கண்டு திரும்பிப் போய்விட்டான்.

"உங்க மேல ஒண்ணும் தப்பு சொல்ல முடியாது சார்" என்றாள் அவள். "எனக்குத் தெரிஞ்ச டாக்டருங்க ஒரு முப்பது பேருக்குப் போன் பண்ணிட்டேன். மத்தவங்களை எப்படியாவது தேடறேன். அவங்க கேட்டா என்ன சொல்றது? கையெழுத்து இருக்கே, நம்பலாம்தானேன்னு கேப்பாங்க."

"நம்பாதீங்கன்னு சொல்லுங்க" என்றார் அவர். "என் கையெழுத்து இருந்தா நம்பாதீங்கன்னு சொல்லுங்க."

அவள் சரி என்றாள். சொல்லிவிட்டுப் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் நாய் குரைப்பதை நிறுத்தியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள்தான், "பேஷண்ட் காத்திருக்கு சார், பூனைக்குட்டி" என்றாள், "கையால கணக்குப் போட்டுக்கறேன்."